பகலில் பூட்டு உடைப்பவள்

பூட்டை உடைப்பதற்கு முன் உள்ளே இருக்கும் மாடுகளோடு இரண்டு வார்த்தை பேசுவாள் பூங்காவனம். "மிரளாத கண்ணு, சத்தம் வரும், அவ்ளோதான்." பிறகு உருண்டைக் கல்லால் இரண்டே அடி. உடைந்த பூட்டை மடியில் கட்டிக்கொண்டு மாடுகளுக்குப் பின்னால் நடந்துதான் போவாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே ஒரு சிற்றூர். பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டு அங்கே மணியக்காரர் கோதண்டபாணியின் பொறுப்பு. சேரி மாடுகள் தலைமுறையாக மேய்ந்த புறம்போக்கை அவரே உழுது மல்லாட்டைக் கடலை போட்டார். பழக்கத்தில் அங்கே போன மாடுகளை அடைத்துவிட்டு, மாடு வேண்டுமென்றால் மாட்டுக்காரர் வீட்டுப் பெண் வந்து தன் கொல்லை நிலத்தில் கூலியில்லாமல் களை வெட்ட வேண்டும் என்றார். சட்டப் புத்தகத்தில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று வக்கீல் குமாஸ்தாவான நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் முதல் பூட்டு உடைந்தது. அதிலிருந்து மூன்று வருஷம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவளைப் போலீஸ் தேடியது. நான் பார்த்தபோது நாற்பது வயது, குட்டையான உடம்பு, இடது காதில் மட்டும் கம்மல். ஏழு சேரிகள் மாறி மாறி அவளுக்குச் சோறு போட்டன. கூழில் உப்பு குறைந்தால் ஒளித்து வைத்த வீட்டுக்காரியையே திட்டுவாளாம். "தேடறவன் தேடட்டும், அதுக்காவ உப்பில்லாம குடிக்கணுமா?"

சரணடையச் சொல்லி எங்கள் வக்கீல் ஒருமுறை என்னைத் தூது அனுப்பினார். சவுக்குத் தோப்பில் சுள்ளி பொறுக்கிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள். உடைப்பதை இருட்டிலாவது உடைக்கக் கூடாதா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவளுக்கு வந்ததே கோபம்! "ராத்திரி வந்தா திருடி, குமாஸ்தாரே. எங்க மாட்ட நான் பகல்லதான் ஓட்டிக்கினு போவேன்."

போன மாதம் யார் கொல்லையிலோ மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த ஒன்பது பெண்களை போலீஸ்காரர்கள் வண்டியில் ஏற்றித் திண்டிவனம் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருத்தி பூங்காவனம் என்று தகவல். எந்த ஒருத்தி என்று தெரியாது. பெயரைக் கேட்டால் ஒன்பது பேரும் வாய் திறக்கவில்லை. மடியைச் சோதிக்கப் பெண் போலீசும் இல்லை. எனக்குத் தெரியும், என்னை யாரும் கேட்கவில்லை.

"நேரில் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறீரே, அடையாளம் காட்டும்" என்றார் மாஜிஸ்திரேட், மணியக்காரரிடம். காட்ட முடியாவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார் மனிதர். அவர் எதிரே வந்தால் சேரிப் பெண்கள் ஓரமாக ஒதுங்கி, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக் குனிந்து நிற்க வேண்டும் என்பது அவருடைய அப்பா காலத்துக் கட்டளை. முப்பது வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் முந்தானைதான். பூட்டு உடைந்த அன்றும் முதுகைத்தான் பார்த்திருந்தார். இப்போது ஒன்பது பேரும் அதே போல் முந்தானையை இழுத்துக் குனிந்து நின்றார்கள், வெகு மரியாதையாக. எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

வரிசையை மூன்று தடவை சுற்றி வந்தார். வேர்த்துப்போய், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற சின்னபொண்ணு என்பவளின் முன்னால் விரலை நீட்டி, "இவதான்!" என்றார். போலீஸ்காரர் அவள் கையைப் பிடித்தார். குழந்தை வீறிட்டது. நான் இல்லை என்று சின்னபொண்ணு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முப்பது வருஷமாக இந்தக் கோர்ட்டில் கிடக்கிறேன். மாஜிஸ்திரேட் அல்லாத ஒருவருக்காக எழுந்து நிற்கத் தோன்றியது அன்று ஒருநாள்தான்.

வரிசையின் கடைசியில் நின்ற பூங்காவனம் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நடந்து வந்து மணியக்காரர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"நல்லா பாத்துக்கோ. மறுபடியும் ஆள மாத்திடப் போற."

பிறகு மடியை அவிழ்த்து, உடைந்த பித்தளைப் பூட்டை எடுத்து மாஜிஸ்திரேட்டின் மேசைமேல் வைத்தாள்.