ஒரு மணிக்கு வந்த வரிகள்

தாராவியில் கரீம் பாட்சாவின் தோல் பை ஏற்றுமதி ஆபீசில் சாயிராதான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மேலப்பாளையத்துப் பெண். டைப்பிங் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டு மூன்றாம் முறை ஜெயித்தவள். பாட்சாவுக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கண்டாலே ஆகாது. ஒரு கோளாறு வந்தால் போதும், பெட்டியையும் அவளையும் சேர்த்து அனுப்பிவிடக் காத்திருந்தார்.

அவளுக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் மாட்டுங்காவில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனியின் சந்திரமௌலி. எண்பத்தெட்டு பிப்ரவரியில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து செத்துப்போனான்.

ஏப்ரலில் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. தினமும் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போகிற சாயிரா, அன்று எழுந்திருக்காமல் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று ஐந்துக்குத் திரை இருண்டது. ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வரி மெதுவாக வந்தது.

“என்ன சாயிரா, இன்னும் சாப்பிடப் போகலையா?”

அவளை அப்படிக் கேட்கிறவன் சந்திரமௌலி ஒருவன்தான். மறுநாள் அதே நேரத்தில், “எனக்காகக் காத்திருக்காதே. நான் வர நேரமாகும்.” மூன்றாம் நாள், “நான் சாப்பிட்டாச்சு. இங்கே சாப்பாடு நன்னா இருக்கு.”

ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே என்னைத் தேடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“வானமாமலை அண்ணே, மவுத்தானவுக, செத்துப்போனவுக பேசுவாகளா?”

அவள் ஆபீசுக்குப் போய் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். ஒரு மணி தாண்டியும் அவள் டைப் அடித்தால் நாளுக்கொன்றாக வரும்படி ஏழு வரிகளை ஒளித்து வைத்திருந்தான். நோன்பு அவன் நினைவில் வரவில்லை போலும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபீஸ் வேலைக்குள் விளையாட்டு எதற்கு? அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்குத் தெரியாமல் ஒன்றை ஒளித்துவைக்க இவன் யார்?

“அழிச்சிரட்டுமா?”

“அழிச்சிருங்க அண்ணே. பாட்சா சேட்டு பாத்தா என் வேலை போயிரும்.”

ஏழையும் ஒரேயடியாக அழித்தேன்.

மறுநாள் ஒரு மணிக்கு, பயந்துகொள்வாளே என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்று ஐந்து ஆனது. ஒன்று பத்தும் ஆனது. திரையில் பைகளின் பட்டியல் மட்டும் இருந்தது. சாயிரா கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிச்சம் நாலுலயும் என்ன அண்ணே எழுதியிருந்தாரு?”

கோபத்தில் நான் படிக்கவே இல்லை. அதைச் சொன்னேன்.

துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்ப, இன்னிக்குத்தான் அண்ணே அவரு மவுத்தாயிட்டாரு,” என்று அழுதாள்.