நோரீன் கூப்பிடாத பெயர்

வட ஆஸ்திரேலியாவின் கேத்தரின் ஆற்றுப் படகுத் துறையில் நோரீனோடு பதினோரு வருடம் வேலை பார்த்தேன். துடுப்பைத் தப்பாகப் பிடிக்கிற சுற்றுலாக்காரர்களை அவள் விட்டுவைத்ததே இல்லை. "அது துடுப்பு சார், கரண்டி இல்ல. ஆத்தைக் கிண்டாதீங்க." திட்டு வாங்கினவர்களே அடுத்த வருடமும் அவளைத் தேடி வருவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவள் தம்பியை ஆறு கொண்டுபோனது. அந்த மண்ணின் பழங்குடிகளான அவள் சனங்கள் இறந்தவர் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள், காதாலும் கேட்கமாட்டார்கள். சொன்னால் போகிற ஆவி போகாமல் நின்றுவிடும் என்பாள். நானும் அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

வெள்ளம் வடிந்து படகு விட ஆரம்பித்த மாதம், ஒரு காலையில் ஜெர்மன்காரி ஒருத்தி தனியாகத் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தாள். துறையிலிருந்து எண்ணினால் ஆறாவது மலையிடுக்கில் கூடாரம் போட்டிருந்தார்களாம். முந்தின சாயங்காலம் பாறை ஏறிப் போன புருஷன் திரும்பவில்லை. அவன் பெயரைச் சொன்னாள். கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த நோரீனின் கை அப்படியே நின்றது. தம்பியின் பெயரேதான்.

மீட்பு ஹெலிகாப்டர் வரச் சாயங்காலமாகும் என்றார்கள். நாங்கள் இருவரும் கிளம்பினோம். இடுக்குக்கு இடுக்கு படகைப் பாறைமேல் இழுத்து, ஆறாவதற்குப் போய்ச் சேர்ந்தோம். நோரீன் "ஏய்... ஓய்..." என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பெயரை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தடை கிடையாது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் "ஏய்" என்றே கத்தினேன். வெட்கக்கேடு.

ஒன்றரை மணி நேரம் போனது. நோரீன் துடுப்பைக் கீழே வைத்தாள்.

"அம்மா என்னை மன்னிக்கமாட்டா," என்றாள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று தடவை.

கல்லால் தட்டுகிற சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு தடவை கடந்துபோன பாறை வெடிப்புக்குள்தான் கிடந்தான். தொடை எலும்பு வெளியே வந்திருந்தது. ரத்தம் நிறையப் போயிருந்தது.

"'ஏய்'னு கேட்டுச்சு," என்றான். "எதிரொலிக்குக் கத்தி விளையாடுறாங்கன்னு நெனச்சேன். நேத்து நான் கத்தினப்பவும் அப்படித்தான் யாரோ திருப்பிக் கத்திச் சிரிச்சாங்க."

நான்காவது இடுக்கு வரும்முன் படகிலேயே இறந்துபோனான்.

பேரைக் கேட்ட பிறகுதான் அவன் கல்லால் தட்டினான் என்று துறையில் நான் சொன்னேன். அவன் மனைவி நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போனதுமே பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்களா?"

பொய் சொல்லிவிடமாட்டாளா என்று எனக்கு இருந்தது.

"இல்ல," என்றாள் நோரீன். "ரொம்ப நேரம் கழிச்சுத்தான்."

அந்தப் பெண் கையை உதறினாள். தரையில் விழுந்து, அந்தப் பெயரையே சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தப் பெயர் காதில் விழாத தூரத்துக்குப் போயிருக்க வேண்டிய நோரீன் போகவில்லை. அந்தப் பெண் அழுது ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.