பொட்டு வைத்த வெல்டிங் கண்ணாடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டு வந்தேன். சாமி காரியத்தைக் குறை சொல்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம்தான். நான் எட்டாவதோடு நின்றவள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். அம்மனை வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எண்பதுகளில் என் அப்பா திண்டிவனத்தில் ஒரு லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்தார். ஆயுத பூஜை என்றால் சுத்தியலிலிருந்து வெல்டிங் மிஷின் வரை கழுவித் துடைத்துப் படையலில் வைப்பார்கள். பொட்டு வைப்பது என் அம்மா. அந்த வருஷம், அப்பா முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடியிலும் சந்தனத்தை நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். படைத்த சாமானை மறுநாள் காலை வரை தொடக் கூடாது என்பது வழக்கம்.

அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நான் பொரி தின்றபடி அப்பாவோடு இருந்தேன். மதியம் விக்கிரவாண்டிப் பக்கமிருந்து மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. பின்கதவின் கொண்டி அறுந்து, மூட்டைகள் சரியத் தொடங்கியிருந்தன. முதலாளி கொஞ்சம் தயங்கினார். பிறகு கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆத்தா மன்னிப்பாள், ஜல்தியாக ஒட்டி அனுப்பு என்றார்.

அப்பா மிஷினைத் தொட்டுக் கும்பிட்டு எடுத்தார். கண்ணாடியை மட்டும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

"தொடச்சிக்கோயேன்யா," என்றார் முதலாளி.

"வீட்டுக்காரி வெச்ச பொட்டுங்க. அத என் கையால எப்படிங்க அழிக்கறது? கண்ண மூடிக்கினே ஒட்டிடறேன்."

பெண்டாட்டிக்கு இவ்வளவு பயந்தவனை இந்த ஊரிலேயே பார்த்ததில்லை என்று முதலாளி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்புறம் என் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்தார். "இந்தப் பக்கம் பாத்துடாத, கண்ணு போயிடும்" என்றார். சுவரில் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி விழுந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்தது. கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டினாற்போல் எரிகிறது என்றார் அப்பா. இமை வீங்கித் தண்ணீராகக் கொட்டியது. கண்ணாடி பிடிக்கவில்லையா என்று அம்மா கேட்டார். அப்பா துண்டை நனைத்துத் தரச் சொன்னார். நான்தான் பெருமையாக, பட்டறையில் அப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அம்மா எழுந்து சாமி படத்துக்கு முன்னால் போனார். மாரியாத்தாளுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்கா தாய்ப்பால் கொடுத்தார். அதைக் கண்ணில் விட்டும் எரிச்சல் அடங்கவில்லை.

விடிந்ததும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம். ஈரத்துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வர்றோம்?"

"விக்கிரவாண்டிப்பா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டார். இனி வாழ்நாள் முழுக்க நான்தான் ஊர் பேர் சொல்லிக்கொண்டே போக வேண்டுமோ என்று பயந்து, அடுத்த ஊர்ப் பலகையைத் தேடினேன்.

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நிற்கவே கூடாது, மூடின இமையை நம்ப முடியாது, கண்ணில் பாலும் விடக் கூடாது, இந்தத் தடவை தப்பித்தாய் என்றார். மருந்து விட்டுக் கட்டுப் போட்டார். கட்டை அவிழ்த்த அன்று அப்பா அம்மாவை உற்றுப் பார்த்து, "என்னாடி இப்படி எளச்சிட்ட?" என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கண்மலர் சாத்திவிட்டு வந்தோம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்தார். கறுப்புக் கண்ணாடிக்கு மட்டும் கைப்பிடியில் வைத்துவிட்டு நகர்ந்தார். கண்ணாடிக்கு வைக்கவில்லையே என்று கேட்டேன்.

"சாமிக்குக் கைப்பிடி போதும். கண்ணாடி உங்க அப்பாவுக்கு."

அம்மாவுக்குப் பக்தி குறைந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆத்தா கோபித்துக்கொள்ளப் போகிறாளே என்று பயந்து, அம்மாவுக்கும் சேர்த்து நானே தோப்புக்கரணம் போட்டேன்.

பட்டறை வேலைக்குப் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் சொல்லுங்கள். சாமி தண்டித்தது என்று கூட்டவும் வேண்டாம், அம்மன் கண்ணைத் திருப்பிக் கொடுத்தாள் என்று டாக்டரை விட்டுவிடவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.