லிங்கன்ஷயரில் அப்பாவின் திதி

இது நடந்தது சில வருடங்களுக்கு முன், மொன்றியல் லாசாலில் உள்ள எங்கள் அப்பார்ட்மென்டில். அம்மா காலமாகி ஒரு வருடம் கடந்திருந்தது. கோடை நெருங்கும்போது திடீரென்று ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்தது. அப்பாவின் திவசம் எப்போது?

சிரிக்காதீர்கள். ஐம்பது வயதை எட்டிப் பார்க்கும் மனிதனுக்கு அப்பாவின் திதி தெரியாதா என்று என் மனைவியும் அப்படித்தான் பார்த்தாள். தமிழ்க் கடையில் கொடுக்கும் கலண்டரில் அம்மாதான் வருடாவருடம் ஒரு நாளைச் சுற்றி வட்டம் போடுவார். அன்றைக்கு நான் லீவு எடுப்பேன், ஐயர் சொன்னபடி எள்ளும் தண்ணீரும் விடுவேன், மத்தியானம் மூக்குமுட்டச் சாப்பிடுவேன். என் பங்கு அவ்வளவுதான்.

அப்பாவை எனக்கு நினைவே இல்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது இங்கிலாந்துக்குப் போனவர். லிங்கன்ஷயர் என்ற கவுண்டியில், எங்கள் மாவட்டம் மாதிரி ஒன்று, பச்சைப் பட்டாணியை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே கடும் காய்ச்சலில் விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். யாழ்ப்பாணத்துக்கு ஒரு தந்தி வந்தது. பிறகு வந்த இடப்பெயர்வில் அதுவும் வீட்டோடு போய்விட்டது.

அம்மாவின் தம்பி, என் மாமா, லவாலில் இருக்கிறார். அவருக்குத் தெரியாமல் இருக்காது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ஏறிப் போனேன். போனது தெளிவு பெற. வந்தது தலையைப் பிய்த்துக்கொண்டு.

"தம்பி, அக்கா வட்டம் போட்டது கொப்பர் செத்த நாள் இல்லையடா. அது தந்தி வந்த நாள்" என்றார் மாமா. "தந்தி பிந்தித்தான் வந்தது. முதல்நாள் எங்கட கோயில் தேர். அக்கா பட்டுச்சீலை உடுத்து, தலை நிறையப் பூ வைச்சுக்கொண்டு வடம் பிடிச்சவா. விடிஞ்சால் தந்தி. அவர் அங்க பிணமாக் கிடக்க நான் பூவோட திரிஞ்சனே எண்டு எனக்கு எத்தினை தரம் சொல்லி அழுதிருப்பா!"

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மொன்றியல் கோயிலில் தேர் என்றால் அம்மா வரவே மாட்டார். முழங்கால் வலி என்பார். அதே முழங்காலோடு சாமான் பையையும் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறுவார். நானும் அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணியிருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அப்பாவுக்குச் சரியான நாளில் எள்ளுத்தண்ணீர் விடவேண்டும் என்பது ஒரு காரணம். அம்மா வடம் பிடித்த நேரத்தில் அப்பா உயிரோடு இருந்திருக்கக்கூடாதா என்ற நப்பாசை இன்னொரு காரணம்.

கணினியில் தேடியபோது, அந்தக் கவுண்டியில் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உதவும் சங்கம் ஒன்று அகப்பட்டது. ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி பதில் போட்டார். கவுண்டி ஆவணக் காப்பகம், தேவாலயப் பதிவேடுகள், நூலகத்தில் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள் என்று அவர் அடுக்கியதைப் படிக்கவே எனக்குத் தலை சுற்றியது. முதலில் தேவாலயங்களின் அடக்கப் பதிவுகளைப் புரட்டியிருக்கிறார். நாங்கள் எரிக்கிற சாதி என்று சொல்ல நான் மறந்துபோனேன். பிறகு என் கடைசிப் பெயரை வைத்துத் தேடியிருக்கிறார். அதுவோ அப்பாவின் சொந்தப் பெயர். அப்பாவின் கடைசிப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். என் மகளின் கடைசிப் பெயர் என் பெயர். இதையெல்லாம் விளக்கி நீளமாக எழுதினேன்.

"குடும்பப் பெயரே இல்லையென்றால், நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதினார்.

ஆனாலும் மனுஷி விடவில்லை. தகனசாலைப் பதிவைக் கண்டுபிடித்து, அதை வைத்து மரணச் சான்றிதழின் பிரதிக்கும் வழி காட்டினார். சான்றிதழ் வந்தது. அப்பா இறந்தது தேருக்கு ஒரு வாரத்துக்கு மேலாக முன்னால். நப்பாசை அத்தோடு முடிந்தது. சமையலறையில் நின்று அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மனைவி தேத்தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

சரி, திதியாவது கிடைத்ததே என்று ஐயரிடம் போனேன். அவர் பழைய பஞ்சாங்கக் கணக்கைப் பார்த்துவிட்டு, "நேரம் தெரியுமோ? அண்டைக்கு மத்தியானம் வரைக்கும்தான் ஏகாதசி. அதுக்குப் பிறகு துவாதசி" என்றார். இங்கிலாந்துச் சான்றிதழில் நாள் இருக்கும், நேரம் இருக்காது. இந்த நாடுகளில் செத்தவனுக்கு நேரம் எதற்கு?

"இனி அந்த மனிசியிட்ட செத்த நேரமும் கேக்கப்போறியளோ? உங்களுக்கு விசர்" என்றாள் மனைவி. கேட்டேன். இத்தனை வருடத்தில் தன்னிடம் ஒருவரும் நேரம் கேட்டதில்லை என்று அந்தப் பெண்மணி எழுதினார். திதி என்றால் என்ன, சந்திரன் எப்படித் தேய்ந்து வளர்கிறது என்று நான் எழுத, அவர் மேலும் குழம்பினார். கடைசியில், தங்கள் சங்கத்துச் செய்தி மடலில் ஒரு சின்ன அறிவிப்புப் போடுவதாகச் சொன்னார். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பனி கொட்டும் ஒரு நாள், வேலையில் மத்தியான இடைவேளை. குளிருக்குக் காரை ஸ்டார்ட்டில் விட்டு உள்ளே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இங்கிலாந்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அந்த அறிவிப்பைப் பார்த்த ஒரு முன்னாள் நர்ஸ். அப்போது பயிற்சியில் இருந்தவராம். தன் கண் முன்னால் போன முதல் உயிர் என்பதால் மறக்கவில்லை என்றார்.

மாலையில் நோயாளிகளைப் பார்க்க வருகிற நேரம். மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள். அப்பாவைப் பார்க்க ஒருவரும் இல்லை. அவரோடு வேலை செய்தவர்களுக்குப் பட்டாணி அறுவடைக் காலம், லீவு இல்லை. அதனால் இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா அடிக்கடி கேட்டது ஒன்றே ஒன்றுதானாம், இப்போது என் ஊரில் என்ன நேரம்? இவர் ஒவ்வொரு தரமும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

"கடைசியாகக் கேட்டபோது மாலை ஏழு மணி. உங்கள் ஊரில் நடுச்சாமம் ஆகப்போகிறது என்றேன். வீட்டுக்குச் செய்தி அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தூங்குவார்கள், எழுப்பாதீர்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். நான் கையைப் பிடித்தபடிதான் இருந்தேன்."

நன்றி என்று சொல்லக்கூட ஆங்கிலம் வரவில்லை, "மெர்சி, மெர்சி" என்றேன். ஒரு லிங்கன்ஷயர் நர்ஸிடம் எதற்குப் பிரெஞ்சில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. சாப்பாடு முழுவதும் மடியில் கொட்டியிருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

ஐயர் துவாதசி என்று முடிவு சொன்னார். மாமாவுக்குப் போன் எடுத்து நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். வாயாடி மனுஷன், "அக்கா இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது கலண்டர் வந்ததும் நான் இரண்டு வட்டம் போடுகிறேன், துவாதசிக்கு ஒன்று, அம்மா வட்டம் போட்டுவந்த தந்தி நாளுக்கு ஒன்று. எது சரி என்று கேட்டால் இன்னமும் குழப்பம்தான். ஆனால் அம்மா அன்று பட்டுச்சீலையும் பூவுமாக வடம் பிடித்தது அப்பா எழுப்பாதீர்கள் என்று சொல்லி விட்டுப்போன நித்திரையில்தான் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அதைச் சொல்லும் செய்தியும் அந்தத் தந்தியைப் போலவே பிந்தி வந்து, வாங்க அம்மா இல்லாமல் என் கையில் கிடக்கிறது.