அத்தை கேட்ட சர்டிபிகேட்

எனக்கு லூபஸ் என்று வேலூரில் டாக்டர் சொன்னதும், ஆரணியில் எங்கள் தெரு முழுக்க டாக்டர்கள் முளைத்தார்கள். உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிற நோய் அது. கன்னம் சிவக்கும், மூட்டு வலிக்கும். சாயத் தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார் பக்கத்து வீட்டுத் தறிக்காரர். ஆயுசு முழுக்க அதில் கை நனைத்தவர் அவர். அவர் கன்னமோ தேய்த்து வைத்த செம்பு போலப் பளபளத்தது.

அதையெல்லாம் சிரித்தபடி கேட்டுக்கொண்டேன். போளூரிலிருந்து அத்தை வந்து இறங்கியபோதுதான் சிரிப்பு நின்றது. அப்பாவோடு பிறந்தவள். அவள் மகனுக்குத்தான் என் தங்கை என்று பேசி முடித்திருந்தோம். தேதி குறிப்பதுதான் பாக்கி.

"கோச்சுக்காத கண்ணு. இது உங்க வம்சத்து ஜீன்ல இருக்குதாம், போன்ல பாத்தேன். உன் தங்கச்சிக்கு ஜீன் இல்லன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கினு வா. அப்பால தேதி பாக்கலாம்."

தங்கை அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினேன்.

அத்தை கேட்டதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். "ஜீன் இல்லாத ஆளுன்னு யாருமே இல்லம்மா" என்றார். லூபஸுக்கு ஒரே ஒரு ஜீன் காரணமில்லையாம். பல ஜீன்களில் இருக்கும் சின்னச் சின்ன மாற்றங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளிவிடும். வெயில், தொற்று, ஹார்மோன் எல்லாம் கூடச் சேர வேண்டும். அச்சு அசல் இரட்டையரிலேயே ஒருத்திக்கு வந்து மற்றவளுக்கு வராமல் போவதுண்டு. அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பெரும்பாலான தங்கைகளுக்கு வருவதில்லை. வரும், வராது என்று அறுதியிட்டு எழுதித்தர எந்தப் பரிசோதனையும் கிடையாது. கடைசியாக, "உங்க அப்பாகிட்ட இருக்கறதுல ஏறக்குறைய பாதி அந்த அத்தைகிட்டயும் இருக்கும், சொல்லிடுங்க" என்றார்.

ஊர் திரும்பி அப்படியே சொன்னேன். அத்தை அசரவில்லை.

"நான் கட்டிக் குடுத்துப் போன பொண்ணுடி. தாலி ஏறுன அன்னிக்கே எனக்கு வம்சம் மாறிப்போச்சு."

மணவறையில் மூன்று முடிச்சு விழுகிற நேரத்துக்குள் ரத்தமும் வண்டி மாறி ஏறிவிடும் போலிருக்கிறது.

"அப்போ இவளுக்கும் தாலி ஏறினா உங்க வம்சம் ஆயிடுவாளே அத்தை? எங்க நோவு எங்க வீட்டோட நின்னுடுமே. அப்புறம் இன்னாத்துக்கு சர்டிபிகேட்டு?"

அத்தையைக் கூட்டிப்போக வந்திருந்த அவள் மகன் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"உனுக்கு அப்படியே எங்கப்பன் வாயிடி" என்றாள் அத்தை. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. பேச்சை மாற்ற, நாள்காட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். தங்கை ஓடினாள்.

"முகூர்த்தம் விடியக்காலத்துல இருக்கட்டும். வெயில் ஏறினா பெரியவ மூஞ்சி செவந்துடும், போட்டோல தனியா தெரியும்."

என் மேல் அக்கறையா, போட்டோவின் மேலா என்று நாக்கு நுனி வரை வந்தது. தங்கை தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டேன்.