மயில் நீலத்துக்கு மேலே

லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பெரியப்பாவின் ஷெட் வாசலில் அந்தப் பொக்லைனை இறக்கியபோது அதன் பக்கெட்டில் இன்னும் ஈரமண் ஒட்டியிருந்தது. அப்பாவை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த வண்டியை ஓட்டியவர் அப்பாதான். ஏரிக்கரையை வெட்டும்போது கரை சரிந்து வண்டி புரண்டது, கேபினுக்குள்ளேயே அவர் உயிர் போய்விட்டது. வருஷக்கணக்கில் தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் இறங்கி, பாறைக்குள் ஷிப்ட் பார்த்துவிட்டு முழுசாக வீடு திரும்பிய மனிதர் அவர். சுரங்கம் மூடிய பிறகு பிழைப்புக்காகப் பொக்லைன் ஓட்டக் கற்றுக்கொண்டு, பட்டப்பகலில், வெயிலில் செத்துப்போனார். இதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன், அவரும் சுரங்கத்தில் இறங்கியவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டிய காலிமனையில் ஷெட் போட்டு, மண் அள்ளும் வண்டிகளுக்கு அவரவர் கேட்கும் நிறத்தில் பெயிண்ட் அடித்துக்கொடுத்தார். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லா வண்டியும் மஞ்சளாகத்தான் இருக்கும். வாங்கியவர்களுக்கு அது போதாது. பத்து வண்டி நிற்கும் இடத்தில் தன் வண்டி தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பார்கள். ஒருவர் தன் கட்சிக்கொடியையே வண்டிமேல் போர்த்தச் சொல்வார். தேர்தலில் தோற்றதும் அதே வண்டி வேறு நிறம் கேட்டுத் திரும்பி வரும். இன்னொருவர் வெள்ளை அடித்துப் புறா வரையச் சொன்னார். "மண்ணுல பொரள்ற வண்டிக்கு வெள்ளையா? ரெண்டு நாள்ல புறா காக்கா ஆயிடும் சார்" என்று பெரியப்பா சொல்லிப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. அப்பா ஓட்டிய வண்டிக்கு மட்டும், ஆபரேட்டருக்குப் பிடித்ததை அடியுங்கள் என்று கான்ட்ராக்டர் விட்டுவிட்டார். அப்பா கேட்டது மயில் நீலம். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு வண்டி கிடையாது. தெருமுனையில் அது திரும்பும்போதே அம்மா சோற்றை இறக்கிவிடுவாள்.

எங்கள் பக்கத்து ஆபரேட்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆள் செத்த வண்டியில், அதன் நிறத்தை மாற்றும்வரை யாரும் ஏறமாட்டார்கள். முதலாளிகளுக்கு இது வசதியாகிவிட்டது. நிறத்தை மாற்றிவிட்டு, விஷயம் தெரியாத வெளியூர் ஆளாகப் பார்த்து உட்கார வைத்துவிடுவார்கள். இந்தக் கான்ட்ராக்டரும் அதற்காகத்தான் வந்தார். "அடையாளமே தெரியக்கூடாதுண்ணா. பசங்க கிட்டயே வரமாட்டேன்றாங்க" என்றார். பெரியப்பா பக்கெட்டில் ஒட்டியிருந்த மண்ணை வழித்துப்போட்டுவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

துவைகல்லில் நின்றிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். ஈரக்கையோடு வந்தாள். "இன்னா மாமா, தம்பிய கொன்ன வண்டிக்கு சிங்காரம் பண்ணப் போறீங்களா? அது அங்கியே கெடந்து துருப்பிடிச்சிப் போவட்டும். அத தொட்டீங்கன்னா என் வூட்டுப்படி ஏறாதீங்க."

பெரியப்பா தலைகுனிந்தபடி சொன்னார்: "நான் அடிக்கலன்னா பங்காருபேட்டைல எவனாச்சும் அடிச்சிக் குடுத்துடுவான்மா. அவன் வாயத் தொறக்கமாட்டான். அடுத்து ஏர்றவனுக்கு ஒண்ணுமே தெரியாமப் பூடும்."

அம்மாவின் காதில் அது ஏறவில்லை. துக்கத்தில் இருப்பவளுக்கு எது ஏறும்?

அந்த வண்டியில் அவர் வேறு யாரையும் கைவைக்க விடவில்லை. டீசல் ஊற்றிக் கழுவினார். பிஸ்டன் தண்டுகளில் பெயிண்ட் ஒட்டாமலிருக்க கிரீஸ் தடவினார். நசுங்கிய இடங்களைத் தட்டி நிமிர்த்திப் பட்டி வைத்தார். எமரி தாளால் அவர் நீலத்தைத் தேய்க்கும் சத்தம் எங்கள் சமையலறைவரை கேட்டது. அம்மா காதில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழுவதையும் சுரண்டியெடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். நல்லபடியாக இருந்த இடங்களில் நீலத்தை விட்டுவிட்டு, அதன்மேலேயே காப்பிக்கொட்டை நிறத்தை ஸ்பிரே செய்தார். இடுப்பில் ஒரு சந்தனக் கோடு. பின்பக்கம் கறுப்பு எச்சரிக்கைப் பட்டைகள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வண்டியை எடுத்துப்போக வந்த ஆபரேட்டர் ராய்ச்சூர் பக்கத்து ஆள். பெரியப்பா அவனைக் கேபினுக்கு அருகே அழைத்துப்போய், தனக்குத் தெரிந்த கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னார். யார் செத்தது, எப்படி, வண்டி எந்தப் பக்கம் புரண்டது, கரை ஓரத்தில் என்ன பார்க்க வேண்டும். அவன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். கான்ட்ராக்டர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பெரியப்பா அசையவில்லை. "சுரங்கத்துல ஷிப்ட் முடிச்சி மேல வர்றவன், கீழ போறவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வூட்டுக்குப் போவான் சார். எந்த லெவல்ல கல்லு ஆடுது, யாரு வுழுந்தான், எல்லாத்தையும் சொல்லணும். சொல்லாமப் போனா அவன் மனுசனே இல்ல" என்றார். அடுத்து வந்த கிருஷ்ணகிரி ஆள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான். அதற்குப் பிறகு அந்தக் கான்ட்ராக்டர் இந்தப் பக்கம் வரவில்லை. ஆள் செத்த வண்டி என்றால் இவர் சொல்லிவிடுவார் என்று தெரிந்ததும், மற்ற முதலாளிகளும் மெல்ல மெல்ல வேறு ஷெட்டுகளுக்குப் போனார்கள்.

அம்மா சொன்னால் சொன்னதுதான். பெரியப்பாவின் தட்டு பரணுக்குப் போனது. அவர் பஜார் ஓட்டலில் சாப்பிட்டார். கோயிலில் ஞாயிறு பூசைக்கு அவர் முன்பெஞ்சில் உட்கார்ந்தால் அம்மா கடைசிப் பெஞ்சுக்குப் போய்விடுவாள். அவர் எல்லாரிடமும் சொல்லித்தான் வண்டியை அனுப்புகிறார் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். "சொன்னா? போன உசுரு வந்துடுமா?" என்பாள். நான் பெங்களூரில் வேலை கிடைத்து விடியற்காலை ரயிலுக்கு ஓடத் தொடங்கியபோது, ஷெட் வாசலில் நிற்கும் பெரியப்பா, "அம்மா நல்லா கீறாளா பாப்பா?" என்று மட்டும் கேட்பார். ஒரே சுவர்தான் நடுவில். ஒருநாள் மத்தியானம் ஷெட்டிலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரைக் குழிக்குள் இறக்கும்போதும் அம்மா கல்லறைத்தோட்டத்து கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த கோபம் வருஷங்கள் போயும் தணியவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் சாக்கடை தோண்ட ஒரு பொக்லைன் வந்தது. பழைய வண்டி. நம்மூரில் எங்கும் பார்க்கிற அதே மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்தேன். வண்டியின் கை வளையும் இடத்தில் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. மஞ்சளுக்குக் கீழே காப்பிக்கொட்டை நிறம். அதற்கும் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, மயில் நீலம்.

எனக்கு முன்னால் அம்மா பார்த்துவிட்டாள். கண்புரை அறுத்த கண் அவளுடையது, இருந்தாலும் பார்த்துவிட்டாள். என் கையை உதறிவிட்டு, தோண்டிப்போட்ட மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு கேபினுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வண்டியைத் திட்டப்போகிறாள், கல்லை எடுக்கப்போகிறாள் என்று பயந்து பின்னாலேயே ஓடினேன். ஆபரேட்டர் எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வழி வேணுமா?"

"ஒண்ணு சொல்லணும், கேட்டுக்க நைனா" என்றாள் அம்மா. "இந்த வண்டில ஒருத்தர் செத்துப்பூட்டாரு. ஏரிக்கர சரிஞ்சி இடதுபக்கமா பொரண்டுடுச்சி. கரை ஓரமா நிறுத்தாத. உங்கிட்ட யாருன்னா சொன்னாங்களா?"

"இல்லியேம்மா. செகண்ட்ஸ்ல வாங்குன வண்டின்னுதான் சொன்னாங்க." அவர் கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அவரு பேரு இன்னாம்மா?"

புருஷன் பேரை அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில்கூட என்னைத்தான் சொல்ல வைப்பாள். நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, அப்பாவின் பேரைத் தெளிவாகச் சொன்னாள்.

ஆபரேட்டர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

"நில்லு" என்றாள் அம்மா. "இத எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தவரு ஒருத்தரு. அவரும் இப்ப இல்ல. அவரு பேரயும் கேட்டுக்க."

பெரியப்பாவின் பேரைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.