கண்டியில் விட்டுவந்த குடை

ரத்தினம்மாவை அவள் அப்பா சுந்தரலிங்கம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்குப் பதினைந்து வயது, ரெட்டைப் பின்னல், பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் வளையத்துக்குள் பந்து போடுகிறவள். இருந்தாலும் பெரியப்பா பெரியப்பாதான்.

காரணம் இருக்கிறது. சுந்தரலிங்கத்தின் பெரியப்பா பழனியாண்டிக் கங்காணி புசல்லாவைத் தோட்டத்தில் கண்ணை மூடிய வருஷமே இவள் பிறந்தாள். கங்காணிக்கு இடது காதுக்குப் பின்னால் மிளகளவு மச்சம். இவளுக்கும் அதே இடத்தில், அதே அளவில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? லயத்து வரிசை வீட்டு ஆட்களெல்லாம் வந்து பிள்ளையின் காதை மடக்கிப் பார்த்துவிட்டு, கங்காணி திரும்பிவிட்டார் என்று சொல்லிப் போனார்கள்.

அம்மா பேச்சியம்மாவும் மாமனார் முறைக்கு மரியாதை குறைத்ததில்லை. "மாமா, பைப்புல தண்ணி புடிச்சிட்டு வாங்க" என்பாள். மரியாதை பேச்சில் மட்டும்தான். குடம் பெரிய குடம்.

தீபாவளிக்கு மற்ற வீடுகளில் செத்தவர்களுக்கு இலை போட்டு, கும்பிட்டு, கதவைச் சாத்தி வைப்பார்கள். இங்கே செத்தவர் திரும்பி வந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே, பிறகு சுவருக்கு எதற்குச் சோறு? படையல் இலை நேராக ரத்தினம்மாவுக்குத்தான். கங்காணிக்குப் பிடித்த பாகற்காய், கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் ஒரு சுருட்டு. பாகற்காயை அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். சுருட்டை மட்டும் பெரியப்பா சார்பில் அப்பா குடித்துவிடுவார். நான் பெரியப்பா இல்லை என்று அவள் வருஷா வருஷம் சொல்வாள். அவரும் இப்படித்தான் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அப்பா பூரித்துப்போவார்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். கண்டியில் வலைப்பந்துப் போட்டி வந்தபோதுதான் பொறுக்கவில்லை. அப்பா போகவே கூடாது என்றுவிட்டார்.

விஷயம் ஒரு குடை. கங்காணி ஒருமுறை கண்டியில் மஹ்மூத் ஹாஜியாரின் புடவைக்கடையில் குடையை மறந்துவிட்டார். எடுக்கத் திரும்பிப் போனது வெள்ளிக்கிழமை மத்தியானம். ஹாஜியார் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார், கடை பூட்டியிருந்தது. தன் குடையை அமுக்கத்தான் கடையையே பூட்டிவிட்டான் என்று கங்காணி முடிவுகட்டினார். குடை கைக்கு வராமல் கண்டி மண்ணை மிதிப்பதில்லை என்று கதவுக்கு முன்னால் சத்தியம் பண்ணினார். குடையோ கண்டியில். ஆளோ கண்டிக்குப் போகமாட்டார். அப்படியே செத்தும் போனார்.

போட்டிக்கு முன்னால் வந்த தீபாவளியன்று படையலுக்கு உட்கார்ந்த ரத்தினம்மா பாகற்காயை மூக்கைப் பிடிக்காமல் தின்றாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"சுந்தரலிங்கம், சத்தியம் பண்ணுனது நான்தானே?"

அப்பா எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டினார். "ஆமாங்க பெரியப்பா."

"நான் வெறுங்காலோட நின்னு பண்ணுன சத்தியம். சப்பாத்து போட்டுக்கிட்டுப் போனா கால்ல மண்ணு படாது. கொடையும் வாங்கணும், பந்தும் போடணும்."

"பந்து எதுக்குங்க பெரியப்பா?"

"போன பொறப்புல போடல. அந்தக் கொறைதான்."

போட்டியன்று காலை முதல் பஸ்ஸில் அவரே கூட்டிப்போனார். கண்டியில் இறங்கும்போது சப்பாத்துக் கயிறு இறுக்கமா என்று குனிந்து பார்த்தார்.

மஹ்மூத் ஹாஜியார் பழுத்த கிழவர். கதிரையில் உட்கார்ந்து கதை முழுவதையும் கேட்டுவிட்டு, குடைக்கு என்ன அடையாளம் என்றார். அப்பா மகளைப் பார்த்தார். குடைக்காரரே பக்கத்தில் நிற்கும்போது அவர் எதற்குச் சொல்ல வேண்டும்?

ரத்தினம்மா அந்தக் குடையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தெரியாது என்றால் பெரியப்பா இல்லை. பெரியப்பா இல்லையென்றால் இங்கிருந்தே வீட்டுக்கு பஸ்.

"நடுவுல ஒருக்கா செத்துப் பொறந்திருக்கேன். மறந்து போச்சு" என்றாள்.

ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "கொடய மறக்கிற ஆள் எண்டா அவரேதான்" என்று அலுமாரியைத் திறந்து, மூங்கில் பிடி போட்ட கறுப்புக் குடையை எடுத்துத் தந்தார். "அமானிதம், நம்பி விட்டுட்டுப் போன பொருள் எண்டு வச்சிருந்தேன். எங்கட மார்க்கத்தில மறுபொறப்பு இல்ல மகள். ஆனா பொறக்க முந்தி எல்லா ரூஹும், எல்லா உசிரும் ஒண்டாக் கூடி, படைச்சவனுக்கு வாக்குக் குடுத்துட்டுத்தான் வந்த. அந்தக் கூட்டத்திலயும் இந்த மனிசன் எதையாச்சும் வச்சிட்டுத்தான் வந்திருப்பார்."

அன்று ரத்தினம்மா போட்ட பந்தெல்லாம் வளையத்துக்குள் விழுந்தது. அணி ஜெயித்தது. அடுத்த ஆட்டம் மறு வாரம், அதே மைதானத்தில். குடையும் வாங்கியாயிற்று, பந்தும் போட்டாயிற்று, அதற்கு வேறு என்ன சொல்லி வருவது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள்.

புசல்லாவையில் இறங்கினால் மழை ஊற்றுகிறது. அப்பா ஆசையாகக் கையை நீட்டினார்.

"பெரியப்பா, கொடைய விரிங்க."

ரத்தினம்மா தன் கையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். குடை கண்டி மைதானத்து வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டுமென்று விட்டு வரவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டாள்.

அப்பா மழையில் நனைந்தபடி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இதுவரைக்கும் மனசுல ஒரு ஓரத்துல சந்தேகம் இருந்துச்சுங்க பெரியப்பா. இன்னைக்குப் போயிருச்சு. அடுத்த கெழமை போய் எடுத்துருவோம்."

அடுத்த ஆட்டத்துக்கும் வழி பிறந்துவிட்டது. ஆனால் லயத்துக்கு ஏறும் பாதை முழுக்க ரத்தினம்மா காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.